சுவருக்கு அப்பால் ஒரு செத்த வீடு

அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கால்வலிதான். மெல்பேர்ன் குளிர், டிராம் வண்டி, பெரிய பெரிய பூங்காக்கள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குக் கால்வலி. குதிக்காலில் தொடங்கி இடுப்புவரை ஏறி, படுத்த பின்னும் இறங்க மறுத்த வலி.

எழுபதுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் ஃபிட்ஸ்ராயில் ஓர் ஒடுங்கிய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இன்று அந்த இடம் கோப்பிக் கடைகளுக்குப் பேர்போனது. அன்று மலிவான வாடகைக்கு மட்டும்தான் பேர்போனது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் வைக்கலாம், அவ்வளவு மெல்லிய சுவர்.

யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூட ரீச்சர். இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் லோண்டரியில், துணி வெளுக்கிற இடத்தில், விரிப்பு மடித்தேன். சூடான உருளைகளுக்கு இடையால் விரிப்பு வெளியே வரும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு கிரேக்கப் பெண். இருவரும் நுனியைப் பிடித்து இழுத்து, மடித்து, அடுக்க வேண்டும். அடுக்கி நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். பிறந்த பிள்ளையைச் சுற்றிய விரிப்பும் செத்தவரை மூடிய விரிப்பும் கழுவி வந்தால் ஒரே வெள்ளைதான். கணவர் பொறியியல் படித்தவர். ஒரு கம்பனிக் கந்தோரில் மற்றவர்கள் வரைந்த படங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் வீட்டுக்கு வந்தால் கதைக்கவும் தெம்பிருக்காது.

அந்தத் தை மாதத்தில் அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அது வந்து சேர்வதற்குள் தகனமும் முடிந்துவிட்டது. இனிப் போய் யாரைப் பார்ப்பது? அடுத்த நாள் வேலைக்குப் போனேன். மேற்பார்வைக்காரி விஷயத்தைக் கேள்விப்பட்டு என் தோளில் தட்டி, வெக்கை குறைந்த பக்கத்தில் என்னை நிற்க விட்டாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். நான் அன்றும் விரிப்பு மடித்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை.

முதலில் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. களைப்பு, பிறகு வரும் என்று நினைத்தேன். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்தது, அங்கே அண்ணன் கீரிமலைக் கடலில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்து முடித்தார், வரவில்லை. குசினியில் நின்று அம்மாவின் முகத்தை வலிந்து நினைத்துப் பார்ப்பேன். முகம் வரும், கண்ணீர் வராது. பிறகு பயம் பிடித்தது. இந்த நாட்டின் வேலை என்னை உள்ளுக்குள் உலர்த்திவிட்டதோ, இனி எதற்குமே நான் அழமாட்டேனோ என்ற பயம். பெற்ற தாய்க்கு அழ முடியாதவள் வேறு யாருக்கு என்ன செய்துவிடப் போகிறாள்?

அப்போது மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் மிகக் குறைவு. ஒரு டாக்டரின் மனைவி, எல்லோருக்கும் அன்ரி, நல்ல சேலை உடுத்துத் துக்கம் விசாரிக்க வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதிடு பிள்ளை. உப்பிடி நெஞ்சுக்குள்ளை வைச்சிருந்தால் நோய் வருத்தம் வரும்" என்றார். நான் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். போகும்போது வாசலில் என் கணவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "பெத்த தாய் செத்திருக்கிறா. கண்ணிலை ஒரு சொட்டு இல்லை. என்ன பிள்ளையோ!"

அன்ரிமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

ஊரில் என்றால் இந்தச் சிக்கலே வந்திராது. செத்த வீட்டில் யாரையும் தனியாக அழவிட மாட்டார்கள். வருகிற ஒவ்வொரு பெண்ணும் வந்து கட்டிப்பிடித்து ஒப்புச் சொல்லி அழுவாள். அழத் தெரியாதவளுக்கும் அந்தக் கூட்டத்துக்குள் அழுகை வந்துவிடும். வெளியே பறை அடிப்பார்கள், இடையிடையே சங்கு ஊதுவார்கள். அந்த மூன்று சத்தமும் சேர்ந்து கேட்டால் எந்த ஒழுங்கையில் போனாலும் தெரியும், அங்கே ஒரு சாவு. பறை அடித்தவர்களின் முகம் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களை நாங்கள் வாசல் படலைக்கு உள்ளே விட்டதில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் சுட்டெரித்தது, எல்லா வீட்டு யன்னல்களும் திறந்து கிடந்தன. நான் காலை ஒரு கதிரையில் தூக்கி வைத்தபடி கண்ணை மூடிக் கிடந்தேன். சுவருக்கு அப்பால் பறை கேட்டது. அதன்மேல் ஒரு பெண்ணின் குரல். சொல் எதுவும் இல்லை, வெறும் ஓலம். ஏறி, உடைந்து, திரும்ப ஏறியது. பிறகு நீளமாக ஓர் ஊதல்.

நான் எழும்பிவிட்டேன். "இஞ்சருங்கோ, பறை கேக்குதெல்லோ? பக்கத்து வீட்டிலை ஆரோ செத்துப்போச்சினம்."

கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "இந்த ஊரிலை ஆர் பறை அடிக்கிறது? நீர் களைச்சுப்போய் இருக்கிறீர். போய்ப் படுத்துக்கொள்ளும்."

பக்கத்து வீட்டில் இருந்தவள் இந்த நாட்டின் ஆதிக்குடிப் பெண். என் வயதுதான் இருக்கும், தனியாக இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை. முதன்முதல் கண்டபோது எங்கள் நாட்டவள் என்றே நினைத்து, "நீங்கள் மட்டக்களப்புப் பக்கமோ?" என்று தமிழில் கேட்டு அசடு வழிந்திருக்கிறேன். அதன்பிறகு வேலிக்கு மேலால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் பழக்கம். அவளுடைய சனம் சாவுக்கு மேளம் அடிக்குமா, அடிக்காதா, எனக்கென்ன தெரியும்? அடிக்கிறார்கள், ஒருத்தி அழுகிறாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

சோறு வடித்தேன். பருப்பு வைத்தேன். காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கத்தரிக்காயில் ஒரு பால்கறி. அதற்குள் சத்தம் நின்று, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. பாவம், புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன். வெள்ளைச் சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, சட்டிகளைத் தட்டத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். கணவர் பின்னாலேயே வந்து, "கேட்டுப்போட்டுப் போமன்" என்றார். செத்த வீட்டில் கேட்டுவிட்டா போவார்கள்?

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவள் மட்டும் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மற்றவர்கள் பின்வளவில் இருக்கிறார்களாக்கும். தட்டத்தை இறக்கி வைத்துவிட்டு, வழக்கப்படி போய்ப் பக்கத்தில் இருந்து அவளைக் கட்டிப்பிடித்தேன். வாயைத் திறந்து ஒப்புச் சொல்லத் தொடங்கினேன். "என்ரை ராசாத்தி, உன்னை விட்டுட்டுப் போட்டாவோ" என்று ஏதோ வந்தது. சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை. அங்கேயும் வரவில்லை. அவள் என் கைக்குள் விறைத்துப்போய் இருந்தாள்.

அப்போது அந்த ஓலமும் பறையும் மெல்லத் தேய்ந்து நின்றன. மூலையில் டிக் டிக் என்று ஒரு சத்தம். அவள் என் கையை மெதுவாக விலக்கி எழும்பிப் போய், இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கி வைத்தாள்.

"யார் செத்தது?" என்று என்னைக் கேட்டாள்.

அவள் கதைத்தது ஆங்கிலம்தான். என் ஞாபகத்தில் அது தமிழாகவே கிடக்கிறது.

நான் விளங்கப்படுத்திய விதத்தை இப்போது நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. மேளம், ஓலம், சங்கு, எங்கள் ஊர், அடுப்பு மூட்டாத வீடு. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தொற்றிவிட்டது. வெள்ளைச் சேலையோடு தரையில் குந்தியிருந்து நானும் சிரித்தேன். தை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். பிறகு இருவரும் சோறு சாப்பிட்டோம், கத்தரிக்காயை அவள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள்.

சாப்பிட்டபின் இசைத்தட்டின் உறையைக் காட்டினாள். பழைய சாமான் கடையில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினாளாம், ஜாஸ் என்றால் என்னவென்றே அதுவரை தெரியாதாம். ஒரு கப்பலின் அடித்தட்டை மேலிருந்து பார்ப்பது மாதிரி வரைந்திருந்தது. உள்ளே கறுப்புக் கறுப்பாக மனிதர்கள், தலையும் காலும் மாறி மாறி, இடைவெளி இல்லாமல். லோண்டரியில் அலுமாரித் தட்டுகளில் நாங்கள் விரிப்பை இப்படித்தான் அடுக்குவோம். 

ஆபிரிக்கக் கரையிலிருந்து அமெரிக்காவுக்குப் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதை அது. முதல் பக்கத்தில் கரையும் கப்பலும் சந்தையும். மறுபக்கத்தில் வயல். பாட்டென்று சொல்ல ஒன்றும் இல்லை. மேளங்கள், தடித்த தந்தி வாத்தியம் ஒன்று, சாக்ஸபோன், ஒரு பெண் குரல். நான் செத்த வீடென்று நினைத்தது முதல் பக்கத்தின் கடைசித் துண்டு. அடிமைச் சந்தையில் ஒரு தாயை ஒருவனுக்கும் பிள்ளையை இன்னொருவனுக்கும் விற்கிறார்கள். குரல் தாய், சாக்ஸபோன் பிள்ளை. இவள் கூப்பிட, அது பதில் சொல்லும். பிறகு பதில் தூரத்திலிருந்து வரும். பிறகு வராது.

"இந்தத் துண்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் போடுறது" என்றாள். "எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அரசாங்கத்து ஆட்கள் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா காருக்குப் பின்னால் ஓடிவந்தது ஞாபகம். ஒரு விடுதியில் வளர்த்தார்கள். அம்மா எங்கே என்று கேட்டால் உனக்கு அம்மா இல்லை என்பார்கள். பெரியவளாகித் தேடினேன். அந்த இடத்தில் இப்போது யாருமில்லை. இருக்கிறாளா, செத்துவிட்டாளா, தெரியாது."

 நான் படித்த, படிப்பித்த சரித்திரத்தில் இதெல்லாம் இருக்கவில்லை. அமெரிக்காவைச் சொல்வானேன். இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சனம் எங்கள் நாட்டு மலைகளிலேயே தேயிலை பறித்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருநாள்கூடக் கதைத்ததில்லை. என் அம்மா செத்ததையும் எனக்கு அழுகை வராததையும் அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாததை ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் தலையாட்டினாள், அன்ரி மாதிரி வைத்தியம் எதுவும் சொல்லவில்லை.

அதன்பிறகு ஞாயிறுகளில் நான் கறி கொண்டுபோவேன், அவள் அந்த இசைத்தட்டைப் போடுவாள். இருவரும் காலை நீட்டிக்கொண்டு கேட்போம். அவளுக்கும் முழங்கால் வலி. இது என்ன சங்கீதம், நாய்க்குட்டியின் வாலை மிதித்த மாதிரி என்பார் கணவர். எனக்கும் பாதி இடங்கள் பிடிபடவில்லை என்பதுதான் உண்மை. கப்பல் துண்டு நீண்டுகொண்டே போகும், மேளக்காரன் ஓயவே மாட்டான், நான் இடையில் நித்திரையாகிவிடுவேன். சந்தைத் துண்டு வரும்போது மட்டும் விழித்துக்கொள்வேன்.

சித்திரா பௌர்ணமி வந்தது. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். தாய் உயிரோடு இருக்கிறவர்கள் அந்த விரதம் பிடிக்கவே கூடாது. வருடத் திவசம் முடியாமல் பிடிக்கத் தேவையில்லை என்று சொல்வோரும் உண்டு. இங்கே யாரைக் கேட்பது? பிடிப்பதென்று முடிவுசெய்தேன். இதையாவது ஒழுங்காகச் செய்தால் உள்ளே ஏதாவது அசையும் என்ற நம்பிக்கைதான்.

அவளிடம் சொன்னபோது, செத்த நாள் தெரியாத தாய்க்கும் அன்றைக்குப் படைக்கலாமோ என்று கேட்டாள். படைக்கலாம், நாள் தெரியாவிட்டால் குற்றமில்லை என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உன் அம்மாவுக்கும் நானே சேர்த்துப் படைக்கிறேன்" என்றேன்.  "பார்ப்போம்" என்றாள். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அன்று வேலைநாள். சுகமில்லை என்று சொல்லி நின்றுவிட்டு, விடிய எழும்பித் தலை தோய்ந்து சமைத்தேன். பூசணி, வாழைக்காய், பருப்பு, பாயசம், இத்தாலியன் கடையில் கிடைத்த எல்லா மரக்கறியும். அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். வாழையிலைக்கு எங்கே போவது, இரண்டு சோற்றுக் கோப்பைகளை வைத்தேன். ஒன்று என் அம்மாவுக்கு, ஒன்று அவளுடைய அம்மாவுக்கு. இரண்டிலும் ஒரே அளவாகச் சோறு போட்டேன். செய்த வேலையில் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அவள் நல்ல சட்டை போட்டு, தலையை வாரி இழுத்து வந்தாள். வாசலில் நின்று இரண்டு கோப்பைகளையும் பார்த்தாள். 

"இது யாருக்கு?"

"உன் அம்மாவுக்கு."

முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன், கோபம் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, "வா" என்று தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தட்டை எடுத்துச் சந்தைத் துண்டில் ஊசியை வைத்தாள். ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேள் என்றாள். முழங்காலில் இருந்து காதை வைத்தேன். குரல் கூப்பிட்டது, சாக்ஸபோன் பதில் சொன்னது. பதில் தூரப் போனது, நின்றது. பிறகும் குரல் கூப்பிட்டது. மேளம் தேய்ந்தது, குரலும் தேய்ந்தது. வழக்கமாக நாங்கள் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று பெருமூச்சு விட்டுவிடுவோம். அவள் சத்தத்தை முழுவதும் கூட்டிவிட்டாள். தட்டின் கரகரப்புக்கு உள்ளே, மிக மெல்லியதாக, குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இன்னும். இன்னும். ஊசி சறுக்கும்வரை.

"பார்த்தாயா? அவள் நிறுத்தவில்லை" என்றாள். "இதைப் பதிந்தவர்கள்தான் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள்."

பிறகு சொன்னாள். "என் அம்மாவுக்குப் படைக்காதே. அவள் இருக்கலாம். எங்கள் சனத்தில் செத்தவர்களின் பெயரைச் சொல்லக்கூடாது. இங்கே உள்ள மூத்த பெண்கள் எனக்குச் சொன்னது. நான் அம்மாவின் பெயரை ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். எனக்கென்று அவளிடமிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். நீ படைத்தால் நான் அதையும் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து வளவைப் பார்த்து நின்று, தாயின் பெயரைச் சொன்னாள். மெதுவாக அல்ல. கொடியில் உடுப்புக் காயப்போடப் போன ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, பலத்த குரலில் கூப்பிட்டாள்.

நான் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் முழங்காலில்தான் இருந்தேன். அம்மாவும் கடைசியில் என்னை இப்படிக் கூப்பிட்டிருப்பார் என்று தோன்றியது. நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்திருப்பேன். "அம்மா" என்றேன். தந்தி வந்த நாளிலிருந்து அம்மா செத்துவிட்டார் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மாவைக் கூப்பிடவே இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன், அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். அவள் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். எங்கள் ஊர் வழக்கம் எதுவும் தெரியாதவள் அச்சொட்டாக எங்கள் ஊர்ப் பெண்கள் மாதிரியே பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த கணவர், எங்களைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டார்.

அழுது ஓய்ந்தபின் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் படைத்தேன். மற்றக் கோப்பைச் சோற்றை அவளே எடுத்துச் சாப்பிட்டாள். பாயசத்துக்குச் சீனி காணாது என்று குறையும் சொன்னாள்.

அந்தக் குளிர்காலத்தில் கணவருக்கு வேறு வேலை கிடைத்து நாங்கள் தூரத்துப் புறநகர் ஒன்றுக்கு மாறினோம். கொஞ்சக் காலம் வந்துபோய் இருந்தோம். பிறகு பிள்ளைகள், வேலை, அலுப்பு. ஒருமுறை போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அவள் தாயைக் கண்டுபிடித்தாளா என்பது எனக்குத் தெரியாது.

இப்போது எனக்கே வயது போய்விட்டது. அவளுடைய அம்மா இருந்தால் நூறைத் தாண்டியிருப்பார். புத்தியுள்ள யாரைக் கேட்டாலும் இனி எங்கே இருக்கப்போகிறார் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு சித்திரா பௌர்ணமிக்கும் நான் என் அம்மாவுக்குப் படைக்கிறேன், ஒரு கோப்பைதான். படைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து அவள் சொன்ன அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறேன். செத்துவிட்டார் என்று இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.